எக்ஸ்ரேயில் விழாத எலும்பு

கொய்யா மரத்திலிருந்தோ சறுக்கு மரத்திலிருந்தோ விழும் குழந்தை, தன்னையறியாமல் கையை நீட்டி ஊன்றிக்கொள்கிறது. விழுந்த வேகம் முழுவதும் முழங்கையில் வந்து இறங்குகிறது. மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்தால் எலும்புகளுக்கு நடுவே இருட்டாக இடைவெளி. பெற்றோர் பதறிவிடுகிறார்கள். அங்கே இருப்பது குருத்தெலும்பு. கதிர் அதை ஊடுருவிப் போய்விடுவதால் படத்தில் விழாது.

பிறக்கும்போது முழங்கை மூட்டில் எலும்பு முனைகள் எல்லாமே குருத்தெலும்புதான். பிறகு ஆறு இடங்களில், ஒவ்வொரு வயதில் ஒவ்வொன்றாக, எலும்பு முளைவிடுகிறது. மேற்கை எலும்பின் வெளிப்புறக் குமிழில் ஏறக்குறைய 1 வயதில் முதல் புள்ளி. ஆரை எலும்பின் தலையில் 3 வயதுவாக்கில், உட்புற முண்டில் 5, கப்பி போன்ற பகுதியில் 7, முழங்கை நுனியில் 9, வெளிப்புற முண்டில் 11. பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முந்தியே வரும். வயது முன்பின் ஆகலாம். வரிசை பெரும்பாலும் மாறாது. கப்பிப் பகுதியில் புள்ளி தெரிகிறது, அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய உட்புற முண்டைக் காணோம் என்றால், முண்டுதான் பிய்ந்து மூட்டுக்குள் சிக்கியிருக்கிறதோ என்று மருத்துவர் சந்தேகிப்பார். அடிபடாத கையையும் சில நேரம் படமெடுக்கச் சொல்வது ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

மேற்கை எலும்பு நீள்வதில் சுமார் 80 சதவீதம் தோள்பக்க வளர்ச்சித் தட்டின் வேலை. முழங்கைப் பக்கத்தின் பங்கு 20 சதவீதமே. தோளருகே சற்றுக் கோணலாகக் கூடிய எலும்பை வளர்ச்சியே நிமிர்த்திவிடும். முழங்கையருகே அதற்கு வழி மிகக் குறைவு. “வளர வளரச் சரியாயிடும்” என்ற பாட்டிமார் ஆறுதல் இங்கே பலிக்காது. முழங்கையில் சிறுவர்களுக்கு அதிகம் முறிவது மூட்டுக்குச் சற்று மேலே. முன்னும் பின்னும் குழி விழுந்து, எலும்பு அங்கே தகடுபோல மெலிந்திருக்கும். அது கோணலாகக் கூடினால் முன்கை உடம்புப் பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிடும். வெளிப்புறக் குமிழில் முறிந்தது கூடாமலே போனால் கை வெளிப்பக்கம் வளையும். பல ஆண்டு கழித்துச் சுண்டுவிரல் மரத்துப்போகும். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு இழுபட்டுக்கொண்டே இருப்பதன் விளைவு அது.

எனக்குப் பெரிய கவலை, அடிபட்ட கையை எண்ணெய் தடவி நீவுவதும், மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவதும்தான். முழங்கையின் முன்புறம் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. வீங்கிய கையில் கட்டு இறுகினால் தசைக்கு ரத்தம் நின்று, சில மணி நேரத்திலேயே அது சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் நிமிராமல் மடங்கியே போகும். மாவுக்கட்டு இறுகினாலும் இதே ஆபத்துதான்.

கட்டுப் போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போகிறதா, விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருக்கின்றனவா, விரலை மெல்ல நிமிர்த்தினாலே குழந்தை அலறுகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவிலேயே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.