வளர்ப்பு நாயும் வீட்டு உணவும்

எறணாகுளத்தின் தென்புறத்தே, காயலை அடுத்து அமைந்துள்ளது தேவரா. அதனை அடுத்துள்ள வெண்டுருத்திப் பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. அதற்கும் அப்பால் மட்டாஞ்சேரி. துறைமுகத் தொழிலை நாடி வந்து வாத்துருத்தியில் குடியேறிய தமிழரும், வாணிபத்தையும் பிற தொழில்களையும் நாடி மட்டாஞ்சேரிப் பக்கத்தில் தங்கிய தமிழரும், அலுவலின் பொருட்டு இந்நகருக்கு மாற்றலாகி வந்த தமிழரும் இப்பகுதியில் வாழ்கின்றனர். உற்றார் உறவினரை விட்டு வந்த குடும்பங்களில் பிள்ளைகள் விரும்பிக் கேட்பதாலோ, வாயிலில் வந்து நின்ற குட்டியை விரட்ட மனம் வராமையாலோ, நாய் ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. மலையாள நாட்டில் அதனைப் 'பட்டி' என்பர். நமக்கோ பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடம். பெயர் எதுவாயினும், வந்து சேர்ந்த உயிருக்கு நாள்தோறும் உணவிட வேண்டுமன்றோ?

நம் வீடுகளில் நாய்க்கெனத் தனியே உலை வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. நண்பகலில் சாம்பார்ச் சோறு, இரவில் தயிர்ச்சோறு, இடையில் பிள்ளைகள் தின்று மிஞ்சிய பலகாரம் என அதன் பொழுது கழிகிறது. வீட்டு உணவு நாய்க்கு நல்லதா என்று வினவினால், நல்லதே என்பதுதான் விடை. ஆயினும் வீட்டு உணவு வேறு, வீட்டு மிச்சம் வேறு. நாம் உண்டபின் எஞ்சியதை அதற்கு இடுதலைத் தவிர்த்து, உப்பும் புளியும் சேர்த்துத் தாளிக்கும் முன்னரே அதன் பங்கை எடுத்து வைத்தல் வேண்டும். இவ்வொரு வேறுபாட்டில்தான் அதன் நலம் அடங்கியிருக்கிறது.

தமிழருக்கும் நாய்க்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல்லில், போரில் இறந்த வீரனோடு அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் கல்வெட்டு கூறுகின்றது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாயினங்கள் நம் நாட்டுக்கே உரியவை. இராசபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை 2005-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை வெளியிட்டது.

நாய் ஊனுண்ணும் விலங்காயிற்றே, சோறு அதற்குச் செரிக்குமா என ஐயுறுவோர் உளர். 2013-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்குத் தெளிவான விடை தந்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே உள்ளன. நாயிடமோ 4 முதல் 30 படிகள் வரை காணப்படுகின்றன. மனிதன் உழுது பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டு அவனுடைய உணவைப் பகிர்ந்துண்டு வந்தமையால் நாயின் உடல் இவ்வாறு மாறியது என்பது அறிஞர் கருத்து. ஆகவே குழைய வேகவைத்த சோறு நாய்க்கு ஏற்றதே. சோறு மட்டுமே உணவாவதுதான் ஏற்றதன்று.

இனி, நம் சமையலில் நாய்க்குத் தீங்கு செய்வன யாவை என்று காண்போம். முதலாவது வெங்காயம், அதனோடு பூண்டும் சேரும். இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அத்தீமை நீங்காது. ஒருவேளை பெருமளவில் தின்றால்தான் கேடு என்று எண்ணலாகாது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் கேடே. வெங்காயச் சாம்பார் ஊற்றிய சோறு நாய்க்கு ஆகாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பது நெடுநாளாக அறியப்பட்டிருந்தும், எதனால் என்பது விளங்காதிருந்தது. அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சிலர் கருதினர். புளியிலும் அவ்வமிலம் மிகுதி. புளியை உண்ட நாய்களுக்கும் அதே வகையான சிறுநீரகக் கேடு நேர்ந்ததை 2022-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை எடுத்துக்காட்டியது. சாம்பார்ச் சோறு உண்டு நெடுநாள் வாழ்ந்த நாய்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆயினும் ஒரு நாய் தாங்குவதை மற்றொன்று தாங்குவதில்லை. எந்த நாய்க்கு எவ்வளவு தீங்காகும் என்பதை முன்கூட்டி உரைக்கவும் இயலாது. கெடுத்தபின் சிறுநீரகத்தை மீட்பது அரிது. கொடாமல் இருப்பது எளிது.

பண்டிகை நாட்களில் இன்னும் விழிப்பு வேண்டும். ஓணப் பாயசத்திலும், கிறித்துமசுக்குக் கொச்சிக் கடைகளில் குவியும் பிளம் கேக்கிலும் உலர்திராட்சை இருக்கும். சாக்லேட்டும் காப்பித்தூளும் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்குவன. சர்க்கரைக்கு மாற்றாகச் சில மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் பொருள் சிறிதளவே நாயைக் கொல்லவல்லது. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் மிகுந்த குழம்பு கணையத்தை அழற்சியுறச் செய்யும். வேகவைத்த கோழி எலும்பும் மீன் முள்ளும் தொண்டையிலோ குடலிலோ தைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பூசணம் பிடித்த அரிசியையோ நிலக்கடலையையோ நாய்க்கு இடுதலும் தவறு. பூசணத்தின் நச்சு கல்லீரலைக் கெடுக்கும்.

தீயன விலக்குதல் ஒரு பாதி. வேண்டுவன சேர்த்தல் மறு பாதி. சோறும் பாலுமே உண்டு வளரும் குட்டியின் எலும்புகள் வலுவின்றி வளைவதுண்டு. சோறும் இறைச்சியும் கொடுத்துச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்க்காவிடினும் அதே நிலைதான். இறைச்சியில் எரியச்சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அக்குறையை நிரப்ப உடல் தன் எலும்பையே கரைத்துக்கொள்கிறது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் நாய்க்கான 200 வீட்டுச் சமையற் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைந்திருந்தது. அன்புடன் சமைத்தல் மட்டும் போதாது. அளவறிந்து சமைத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் கொள்ளத்தக்க பாடம்.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பத்துக் கிலோ எடையுள்ள, வளர்ச்சி முடிந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். இதற்கு 75 கிராம் அரிசியைக் குழைய வடித்துக்கொள்க. கேரளத்து மட்டை அரிசியாயின் இன்னும் சற்று நேரம் வேகவேண்டும். எலும்பு நீக்கிய கோழி இறைச்சியோ, முள் நீக்கி அவித்த மீனோ 150 கிராம் சேர்க்கலாம். தேவராச் சந்தையில் மத்தியும் அயிலையும் வாங்குவோருக்கு ஒரு நன்மை உண்டு. நாயின் தோல் வெயிலைக் கொண்டு வைட்டமின் 'டி'யைப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்வதில்லை; அது உணவிலிருந்தே கிடைக்கவேண்டும். மத்தி போன்ற கொழுப்பு மீன்கள் அதனை நன்கு தருவன. இவற்றோடு பூசணியோ கேரட்டோ பீன்ஸோ அவித்தது 75 கிராமும், வேகவைத்த முட்டை ஒன்றும், எண்ணெய் ஒரு தேக்கரண்டியும் கலக்க. முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து, உலர்த்தி, மாவாக இடித்து, அம்மாவில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்து நிறையும். இதனை இரு வேளையாகப் பிரித்து இடலாம்.

இவ்வளவிலும் துத்தநாகம், அயோடின் முதலிய நுண்சத்துகள் குறையக்கூடும். ஆகவே கால்நடை மருத்துவரைக் கேட்டு அவர் குறிப்பிடும் சத்துமருந்தைச் சேர்ப்பது நலம். குட்டி, சினை நாய், நோயுற்ற நாய் ஆகியவற்றுக்கு மேற்கூறிய அளவு பொருந்தாது. கடையில் விற்கும் உலர் தீவனத்தில், முழு உணவு எனக் குறித்தவை இச்சத்துகளைக் கணக்கிட்டுச் சேர்த்தவையே. நேரமில்லாதார் அதனைக் கொடுப்பதில் குற்றமில்லை. எதுவாயினும் உணவை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுதல் வேண்டும். மண்ணிய தூய நீர் எப்பொழுதும் அருகில் இருத்தல் வேண்டும்.

மரக்கறி உண்ணும் குடும்பத்தார் என் செய்வது? முட்டையையும் தயிரையும் பருப்பையும் கொண்டு நாயை வளர்க்க இயலும். ஆனால் மருத்துவரின் மேற்பார்வை அதற்கு மிகவும் வேண்டும். பூனைக்கோ இவ்வழி இல்லை. டாரின் என்னும் பொருளைப் பூனையின் உடல் தேவையான அளவு உண்டாக்காது. அஃது ஊனுணவிலேயே உள்ளது. அது குறைந்தால் பூனையின் இதயத்தசை நலிவதை 1987-இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தனர். தயிர்ச்சோற்றில் பூனையை வளர்க்க விரும்புவோர் பூனை வளர்க்காதிருத்தலே நன்று.

இத்தனை பாடும் எதற்காக என்று சிலர் கேட்கக்கூடும். வளர்ப்பு விலங்கு மனிதனுக்குத் தரும் நன்மை சிறிதன்று. 1980-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இதயநோயாளர் 92 பேரை ஓராண்டு கவனித்தனர். விலங்கு வளர்த்த 53 பேரில் மூவர் இறந்தனர். வளர்க்காத 39 பேரில் பதினொருவர் இறந்தனர். ஆய்வு சிறிது, அதனை வைத்து நாயை மருந்தெனக் கூறுதல் பொருந்தாது. அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையும், நாய் வளர்ப்பு இதயநோய்க்கு ஏதுவானவற்றைக் குறைக்கக்கூடும் என்று கூறியதோடு, அதன்பொருட்டு மட்டுமே நாயை வாங்குதல் ஆகாது என்றும் எச்சரித்தது. நாயை வளர்ப்பவன் நாள்தோறும் நடக்கிறான் என்பதே இந்நன்மைக்குப் பெருங்காரணம். 2015-இல் சப்பானிய அறிஞர் வெளியிட்ட ஆய்வின்படி, நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்பொழுது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஆக்சிடோசின் இருவர் உடலிலும் மிகுகின்றது.

அயல்மொழி வழங்கும் ஊரில் வாழ்வோருக்கு மற்றுமொரு பயன் உண்டு. தனியே நடப்பவரை நிறுத்திப் பேசுவார் இலர். நாயுடன் நடப்பவரிடம் அதன் பெயரையும் வயதையும் யாரும் கேட்பர். மொழி தட்டுத்தடுமாறினும் அறிமுகம் பிறந்துவிடுகிறது.

பயனைக் கொள்பவர் கடமையையும் கொள்ளவேண்டும். வெறிநாய்க்கடி நோய் கண்டபின் பிழைத்தல் மிக அரிது. வாராமல் தடுப்பதே வழி. குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி இட்டு, மருத்துவர் கூறும்படி மீண்டும் இட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். நாய் கடித்தாலோ, பிறாண்டிப் புண்ணாக்கினாலோ, அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க. வீட்டு நாய்தானே என்று வாளாவிருத்தல் கூடாது. கேரள நகரங்களில் நாய் வளர்க்க உள்ளாட்சி உரிமம் பெறவேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் விலங்கு வளர்த்தலை அடியோடு தடுக்கும் விதி செல்லாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை அண்டை வீட்டாரின் அமைதியைக் கெடுக்கும் உரிமையாகாது. மிஞ்சிய சோற்றைத் தெருவில் கொட்டி நாய்களைக் கூட்டுவதும் முறையன்று. தெருநாய்க்கு உணவிடுதல் அதற்கென ஒதுக்கிய இடத்திலேயே நிகழவேண்டும் என உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஆணையிட்டது.

மாற்றலாகி வேற்றூர் செல்வோருக்கு ஒரு சொல். பல்லாண்டு வீட்டில் உண்டு வாழ்ந்த நாய்க்குத் தெருவில் இரைதேடத் தெரியாது. பட்டினியால் வருந்தும் நிலையில் விலங்கைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இரயிலில் உரிய கட்டணம் செலுத்தி நாயை உடன் கொண்டு செல்ல இயலும். இயலாவிடின் நல்ல குடும்பம் ஒன்றைத் தேடி, அதன் உணவுப் பழக்கத்தையும் தடுப்பூசிக் குறிப்பையும் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தல் வேண்டும். அடுப்பில் குழம்பைத் தாளிக்கும் முன் ஒரு பங்கு எடுத்து வைப்பதற்கு நாளொன்றுக்குச் சில நிமிடங்களே வேண்டும். நாய் ஒன்று நம்முடன் வாழும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும் நோயின்றிக் கழிவது பெரிதும் அச்சில நிமிடங்களைப் பொறுத்தது.