காய்ச்சலின் நாட்கணக்கு

மட்டக்களப்பு வாவியின் எக்கரையிலாயினும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பெற்றோர் முதலில் அஞ்சுவது டெங்குவையே. அவ்வச்சம் நியாயமானது. ஆனால், ஐந்து நாட்களாகியும் தணியாத காய்ச்சல் வேறொரு நோயின் குறியாகவும் இருக்கக்கூடும்.

தோக்கியோவில் 1961 ஆம் ஆண்டு நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் இந்நோயை முதன்முதல் கண்டவர் தோமிசாக்கு கவசாக்கி என்னும் குழந்தை வைத்தியர். ஐம்பது பிள்ளைகளின் விபரங்களைத் திரட்டி 1967 இல் வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் கவசாக்கி நோய் குருதிக்குழாய்களின் அழற்சியாகும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரையே பற்றுகிறது. அதன் மூலகாரணம் இன்னும் துலங்கவில்லை.

பீளை தள்ளாமலே கண்கள் சிவக்கும். உதடு வெடிக்கும், நாக்கு செக்கச்செவேலெனச் சொரசொரக்கும். உடலில் தடிப்பு, கைகால்களில் வீக்கம், கழுத்தில் நெறிக்கட்டி ஆகியனவும் தோன்றலாம். பிறந்தவுடன் போடப்பட்ட பீசீஜீ ஊசித் தழும்பு திடீரெனச் சிவப்பதும் சில பிள்ளைகளில் காணப்படும் நல்ல தடயம். தொல்லை யாதெனில், இக்குறிகள் ஒருங்கே வருவதில்லை. திங்களன்று தோன்றிய தடிப்பு, வைத்தியர் பார்க்கும் வியாழனன்று மறைந்திருக்கும். தாய் சொல்லாவிடின் அவர் அதை எங்ஙனம் அறிவார்?

அழற்சி இதயத்துக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடிகளைத் தாக்குவதே பேராபத்து. சிகிச்சை பெறாத பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அந்நாடிகள் புடைத்துவிடுகின்றன. புடைப்பில் குருதி உறைந்தால் பாலகனுக்கும் மாரடைப்பு நேரலாம். காய்ச்சல் தானே தணிந்துவிடுவதால், பிள்ளை தேறிவிட்டதென்று வீட்டார் ஆறுதல் கொள்வதும் உண்டு.

இதற்கான மருந்து இமியூனோகுளோபுளின். பல்லாயிரம் பேர் தானமளித்த குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம், 10 முதல் 12 மணித்தியாலங்களில் நாளத்தினூடே மெல்லச் செலுத்துவர். காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள் கொடுத்தால், புடைப்பு நூற்றுக்கு ஏறக்குறைய நால்வர் ஐவரளவில் அடங்கிவிடும்.

ஆகவே நாட்கணக்கே இங்கு முதன்மையானது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, படுவான்கரை மக்கள் அத்துறையில் வாவியைக் கடக்கப் பாதைக்காகக் காத்திருந்தனர். இன்று வழி எளிது. ஆயினும் 'நாளைக்குப் பார்ப்போம்' என்ற எண்ணம் அந்தப் பத்து நாட்களைத் தின்றுவிடலாம். காய்ச்சல் தொடங்கிய நாளையும், ஒவ்வொரு குறியும் தோன்றிய நாளையும் கொப்பியில் எழுதி எடுத்துச் செல்லுதல் வைத்தியருக்குப் பேருதவி.

அம்மருந்துடன் அஸ்பிரினும் கொடுக்கப்படுகிறது. இதைக் கேட்டு எவரும் வீட்டில் அஸ்பிரின் கொடுத்துவிடலாகாது. காய்ச்சல் டெங்குவாயின் அதுவே குருதிப்பெருக்கை மோசமாக்கும்.

இமியூனோகுளோபுளின் பெற்ற பிள்ளைக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி வழக்கமாக 11 மாதங்கள் தள்ளிப்போடப்படும்; இதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தெரிவிக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் இதயம் மீண்டும் ஸ்கான் செய்யப்படும். நாடிகளில் புடைப்பு இல்லையெனில், வைத்தியர் அஸ்பிரினையும் நிறுத்திவிடுவார்.