நிலத்தடியில் ஒரு பொதுச் சொத்து

கேரளம் மழைவளம் மிக்க நாடு என்பதை யாவரும் அறிவர். அங்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் ஆனைமலைத் தொடரை அடுத்த எல்லைப் பகுதிகளின் நிலை வேறு. இடுக்கி மாவட்டத்து மறையூர், சின்னாறு ஆகிய இடங்களும், பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியும் மழை மறைவு நிலங்களாகும். சின்னாற்றில் ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டரே.

ஆறுகள் மாநில எல்லையை அறிவதில்லை. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு கிழக்கே ஓடித் தமிழ்நாட்டின் அமராவதியைச் சேர்கிறது. தமிழ்நாட்டு ஆழியாறோ பாலக்காட்டுச் சிற்றூர்ப் புழைக்கு நீர் தருகிறது. ஆகவே இரு மாநிலங்களும் 1970-ஆம் ஆண்டு பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கை செய்துகொண்டன. சிற்றூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் விட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

ஆற்றுநீர் கண்ணுக்குத் தெரிவது. அதனை அளந்து பங்கிடலாம். நிலத்தடி நீர் அத்தகையதன்று. மழைநீர் மண்ணின் வழியே சிறிது சிறிதாக இறங்கிப் பாறைப் பிளவுகளில் தங்குகிறது. அருகருகே உள்ள கிணறுகள் பலவும் அந்த ஒரே சேமிப்பையே நம்பியுள்ளன. ஒருவர் அளவுமீறி இறைத்தால் அயலாரின் கிணறு வற்றுகிறது. வேலி நிலத்தின்மேல்தான், நிலத்தடியில் வேலி இல்லை.

இவ்வுண்மையைப் பாலக்காட்டின் பெருமாட்டி ஊராட்சி நன்கு உணர்ந்தது. அங்குள்ள பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு கோக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. தங்கள் கிணறுகளில் நீர் குறைந்தது, இருந்த நீரும் கெட்டது என்று சுற்றுப்புற மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலைவாயிலில் அறப்போராட்டம் தொடங்கிற்று. அதில் முன்னின்றவர்களுள் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா என்னும் பெண்மணியும் ஒருவர். 2003-இல் ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

வழக்கு நீதிமன்றம் சென்றது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர் என்று 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். 2005-இல் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு இதனின்றும் மாறுபட்டு, வரம்புக்குட்பட்டு நீரெடுக்க இசைந்தது. எனினும் 2004 மார்ச்சிலேயே ஆலையில் உற்பத்தி நின்றிருந்தது. மீண்டும் உற்பத்தி செய்யும் எண்ணமில்லை என்று 2017-இல் நிறுவனமே உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதனால் நாம் அறிவது யாது? நிலத்தடி நீரைக் காக்கக் கேரளத்தில் 2002-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் கிணற்றில் நீர் தாழ்வதை முதலில் காண்பவர் அதில் நாள்தோறும் இறைப்பவரே. அவர் வாய்திறந்தால்தான் சட்டத்திற்குக் கண் திறக்கும்.

ஆகவே கோடைதோறும் நம் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து குறித்து வைப்போம். ஏரி குளங்களைத் தூர் வாரி, வயல் வரப்பை உயர்த்தி, பெய்யும் மழையை நிலத்தில் தங்கச் செய்வோம். புதிய ஆழ்துளைக் கிணறு பற்றிய பேச்சு எழும்போது அதனைக் கிராம சபையில் கேட்போம். ஊர் கூடிக் காக்கும் நீரே ஊருக்கு உதவும்.