ஒரு குளிசை, இரண்டு மருந்து

சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிற சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குளிசையின் பெயர் என்ன? ‘வெள்ளைக் குளிசை’, ‘நீட்டுக் குளிசை’, ‘காலையில் போடுகிறது’ என்றுதான் எம்மில் அநேகர் பதில் சொல்வோம். உள்ளே ஒரு மருந்து மட்டும் இருந்தால் அப்படிச் சொல்லியும் ஒருவாறு சமாளிக்கலாம். ஆனால் இப்பொழுது வைத்தியர்கள் எழுதுகிறவற்றில் பல கூட்டுக் குளிசைகள். பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு மருந்து. பெரும்பாலும் ஒன்று மெட்போர்மின். அதோடு கிளிமெபிரைட் சேர்ந்திருக்கலாம், சிட்டாகிளிப்டின் அல்லது வில்டாகிளிப்டின் சேர்ந்திருக்கலாம், எம்பாகிளிப்ளோசின் சேர்ந்திருக்கலாம். அட்டையில் கம்பனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே உள்ள இரண்டின் பெயரும் கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். எமக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்துத்தான்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் இருப்பவள். பிறந்தது பதுளை மாவட்டத்தில், லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில். 1983 கலவரத்துக்குப் பின் எங்கள் வீட்டார் வன்னிக்கு வந்தார்கள். பெரியம்மா குடும்பம் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. பெரியம்மாவின் மூத்த மகள், என் அக்கா, இன்றும் அங்கே கொழுந்தெடுக்கிறார். அவருக்கு நடந்ததை அவர் சம்மதத்துடனேயே எழுதுகிறேன்.

2022 இல் நாடு பட்ட பாடு தெரியும். அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. அக்காவுக்குக் கிளினிக்கில் மருந்து இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு கொடுத்தார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகன் காசு அனுப்ப, பட்டணத்தில் தனியார் வைத்தியர் ஒருவரிடம் காட்டினார். அவர் எழுதியது மெட்போர்மின் 500 மில்லிகிராமும் கிளிமெபிரைட் 2 மில்லிகிராமும் சேர்ந்த ஒரு குளிசை. மாதங்கள் போயின. கிளினிக்கில் மருந்து மீண்டும் வந்தது. வழமை போலப் பேப்பர் கவர்களில் மெட்போர்மினும் கிளிக்கிளசைட்டும் கிடைத்தன. வெளியில் வாங்கியது பாதி அட்டை மிச்சம் இருந்தது. அக்கா எல்லாவற்றையும் போட்டார்.

மூன்றாம் நாள் மலையில், பத்து மணித் தேத்தண்ணிக்கு முன், கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் வெயில் என்று நினைத்தார்கள். பக்கத்து நிரையில் நின்ற பெண்ணின் தாய்க்கும் சீனி வருத்தம். அவள்தான் ஓடிப்போய்த் தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போட்டுக் குடிக்கக் கொடுத்தாள். வைத்தியசாலையில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். அந்தக் குளிசைகளின் வேலை ஒரு நாளுக்கு மேலும் நீளக்கூடியது. ஒருமுறை சீனி ஏறிவிட்டது என்று வீட்டுக்குப் போனால் மறுபடி இறங்கும். அக்காவுக்கும் அன்று நள்ளிரவில் மீண்டும் இறங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது லயத்தில் படுத்திருந்தார். ‘ஏன்க்கா ரெண்டையும் போட்டீங்க?’ என்று கேட்டேன்.

‘ஒண்ணு கவுர்மெண்டு மருந்து, ஒண்ணு காசு குடுத்து வாங்குனது. பேரு வேற, கலரு வேற. ரெண்டும் நல்லதுதானேன்னு போட்டேன் தங்கச்சி’ என்றார்.

பெயர் வேறு, குடும்பம் ஒன்று. கிளிமெபிரைட், கிளிக்கிளசைட், பழைய கிளிபென்கிளமைட் எல்லாம் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். அக்காவுக்கு மெட்போர்மின் இரண்டு தரம், இந்தக் குடும்பத்து மருந்தும் இரண்டு தரம் போயிருந்தது. கவரில் எழுதியிருந்தது அவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில். எடுத்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒருவரைச் சொல்ல வேண்டும். பேராசிரியர் சேனக பிபிலே. பெயரிலேயே ஊவாவின் பிபிலை ஊர் இருக்கிறது. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர். கம்பனிப் பெயரில் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரிலேயே எழுத வேண்டும், வாங்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்று நின்றவர். விலை குறையும் என்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அக்காவைப் பார்த்த பின், ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்காமல் இருக்கவும் அதுதான் வழி என்று எனக்குப் பட்டது. அவர் 1977 இல் கயானாவில் காலமானார். அவர் கொள்கையைத் தழுவிய தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தது 2015 இல்தான். ஆகவே மருந்து எழுதும் வைத்தியரிடமும் கொடுக்கும் மருந்தாளரிடமும் ‘இதுக்குள்ளே என்னென்ன மருந்து இருக்கு?’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழியும் கூட. பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கொப்பி விஷயம் எமக்குப் புதிதல்ல. 2009 இல் செட்டிகுளம் முகாமுக்கு வந்தபோது என்னிடம் கிளினிக் கொப்பி இருக்கவில்லை. ‘என்ன மருந்து போட்டீர்கள்?’ என்ற கேள்விக்குப் பக்கத்துப் பாயில் இருந்தவர்களிடமும் பதில் இருக்கவில்லை. பெயர் மனதில் இருந்தால் கொப்பி தொலைந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

மெட்போர்மின் நெடுங்கால மருந்து. பிரான்சில் ஜோன் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் 1957 இல் இதை நீரிழிவுக்குக் கொடுத்த விபரத்தை வெளியிட்டார். இதன் பூர்வீகம் ஐரோப்பாவில் வளரும் ஒரு செடி. ஈரல் தேவைக்கு மிஞ்சிச் சீனியை இரத்தத்தில் விடுவதை இது குறைக்கிறது. தனியே போட்டால் சீனியை அதிகம் இறக்காது. வயிற்றைத்தான் பிரட்டும், ஆரம்பத்தில் வயிற்றோட்டமும் வரும். சாப்பாட்டோடு போட்டால் அநேகமாக அடங்கும். மெதுவாகக் கரையும் வகையை நொறுக்கவோ கடிக்கவோ கூடாது. அதன் வெற்றுக் கோது சிலவேளை மலத்தில் அப்படியே வரும். மருந்து உடம்பில் சேரவில்லை என்று பயந்து இன்னொன்றைப் போடாதீர்கள்.

‘சாப்பாட்டோடு’ என்பது தோட்டத்தில் லேசான சொல் அல்ல. அக்கா எழும்புவது நாலரைக்கு. சமையல், பிள்ளைகள், தண்ணீர் எல்லாம் முடித்து ஒரு சாயத் தண்ணியோடு குளிசையைப் போட்டுவிட்டு மலைக்கு ஓடுவார். ரொட்டியைக் கடிப்பது பத்து மணிக்கு. கிளிமெபிரைட் உள்ள கூட்டுக் குளிசைக்கு இது ஆபத்து. அது முதல் பெரிய சாப்பாட்டோடு போகவேண்டியது. இப்பொழுது அக்கா குளிசையை ரொட்டி டப்பாவிலேயே வைத்துக்கொள்கிறார். ரொட்டி எப்போதோ அப்போதுதான் குளிசை. சாப்பிடவே முடியாத வேளையில் இந்த வகையைப் போடக்கூடாது. தவறிய குளிசைக்குச் சேர்த்து மறுவேளை இரண்டாகவும் போடக்கூடாது. கந்த சஷ்டிக்கும் கௌரி விரதத்துக்கும் பட்டினி கிடக்கிறவர்கள், விரதம் தொடங்குமுன்பே வைத்தியரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். லயத்தில் இன்னொரு பழக்கம் கண்டேன். சீனி, உப்புக் கடன் வாங்குவது போலக் குளிசையும் கைமாற்று வாங்குகிறார்கள்! அடுத்த காம்பராக் குளிசைக்குள் எது இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

எம்பாகிளிப்ளோசின் சேர்ந்ததைப் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது சீனியைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டிவரும், தண்ணீர் குடிக்க வேண்டும். மலையில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடியாமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சணமும் வரலாம். வெட்கத்தில் மறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. ‘மலையில் வேலை, ஒதுங்க வசதி இல்லை’ என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சொன்னால்தானே அவருக்குத் தெரியும். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் சேர்ந்தவை இந்த விதத்தில் தொல்லை குறைந்தவை. ஆனால் மேல்வயிற்றில் கடும் வலி வந்து விடாமல் நின்றால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

வாந்தி, வயிற்றோட்டம், சாப்பிட முடியாத காய்ச்சல் என்றால் கூட்டுக் குளிசையை வழமை போலப் போட்டுக்கொண்டிராமல் அன்றே வைத்தியரைக் கேளுங்கள். உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் களைத்திருக்கும் வேளையில் மெட்போர்மின் தங்கி இரத்தத்தில் அமிலம் கூட இடமுண்டு. அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையை வருடத்துக்கு ஒருதடவையாவது செய்விக்கவேண்டும். மருந்து ஏற்றி ஸ்கான் எடுப்பதானால் முன்கூட்டியே சொல்லவேண்டும். பல வருடம் மெட்போர்மின் போட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் விறைப்பை ‘சீனிதான்’ என்று விட்டுவிடாமல் அதையும் பார்க்கச் சொல்லலாம். பிள்ளை உண்டானால் உடனே கிளினிக்கில் சொல்லவேண்டும்.

கொத்தலஹிம்புட்டுக் கஷாயமும் பாகற்காய்ச் சாறும் ஊவாவில் பலர் குடிக்கிறார்கள். அவற்றைப் பழிக்க நான் வரவில்லை. மெட்போர்மினே ஒரு செடியின் வழி வந்ததுதான். ஆனால் அவையும் சீனியை இறக்கலாம் என்பதால் குளிசையோடு சேரும்போது கணக்குத் தப்பும். குடிப்பதை வைத்தியரிடம் ஒளிக்காதீர்கள்.

எம்மைப் போன்றவர்களுக்கு இன்னொன்று. இரவில் நெஞ்சு படபடக்க, தலையணை நனைய வேர்த்து, கெட்ட கனவோடு விழித்தால் நாங்கள் செல்லடி நினைவு என்று கண்ணை மூடிக்கொள்கிறோம். சிலவேளை அதுவே உண்மை. ஆனால் கிளிமெபிரைட் வகைக் குளிசை போடுகிறவருக்கு இரவில் சீனி இறங்கினாலும் இதே அடையாளங்கள்தான். வீட்டில் பரிசோதிக்கும் கருவி இருந்தால் அப்போதே பாருங்கள். 70 க்குக் கீழென்றால், அல்லது கருவியே இல்லையென்றால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். குறையாவிட்டால் இன்னொருமுறை. தெளிந்த பின் பாணோ ரொட்டியோ கொஞ்சம் சாப்பிடவேண்டும். விடிந்ததும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள். 2016 இல் தொடங்கிய இலவச சேவை, இப்பொழுது ஒன்பது மாகாணங்களிலும் உண்டு. தோட்டத்துப் பாதையானால் வண்டி ஏறக்கூடிய இடம் வரை தூக்கிவர ஆட்களை அந்நேரமே கூப்பிடுங்கள். ‘சீனிக் குளிசை போடுகிறவர்’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்லி, வீட்டில் உள்ள எல்லாக் கவரையும் அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்புங்கள்.