மாத்திரையும் சோறும்: காசநோய்ச் சிகிச்சையில் உணவுக் கூடையின் இடம்

காசநோய்க்குத் தமிழில் வழங்கிவந்த பழைய பெயர்களுள் ஒன்று எலும்புருக்கி நோய். வடமொழி வழிவந்த க்ஷயம் என்னும் சொல்லுக்கும் தேய்தல் என்பதே பொருள். நோய்க்குக் காரணமான கிருமியை எவரும் கண்டறியாத காலத்திலேயே, இந்நோய் உடலைத் தேய்த்துவிடும் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். நோய் உடலை மெலியச் செய்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. உணவின்றி மெலிந்த உடலை இந்நோய் எளிதில் பற்றிக்கொள்கிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஆகவே, காசநோயாளர் ஒருவருடைய வீட்டில் அரிசியும் பருப்பும் போதிய அளவு இருக்கின்றனவா என்பது மருத்துவம் சார்ந்த கேள்வியும் ஆகும். அக்கேள்விக்கு அண்மையில் கிடைத்துள்ள தெளிவான விடையையும், அதனால் நோயாளரும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பசி எவ்வாறு நோய்க்கு வழிவிடுகிறது?

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமிகள் காற்றில் கலந்து, அருகில் இருப்போரின் மூச்சுடன் உட்செல்கின்றன. அவ்வாறு கிருமி புகுந்தவர் அனைவரும் நோயாளராகிவிடுவதில்லை. பெரும்பாலோரின் உடலில் நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமிகளைச் சூழ்ந்து, அவற்றை அடக்கி வைத்துவிடுகின்றன. கிருமி பல ஆண்டுகள் உறங்கும் நிலையிலேயே கிடக்கலாம். இந்தக் காவல் தளரும்போதுதான் அது விழித்துப் பெருகுகிறது.

காவலைத் தளர்த்தும் காரணங்கள் பல. நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று, புகைபிடித்தல், மது ஆகியன அவற்றுள் அடங்கும். நம் நாட்டில் இவற்றுக்கெல்லாம் முன்நிற்பது ஊட்டக்குறைவு. போதிய உணவும் புரதமும் கிடைக்காத உடல், எதிர்ப்புச் செல்களை வேண்டிய அளவில் உருவாக்கவும் இயக்கவும் இயலாமல் தவிக்கிறது.

நோய் வெளிப்பட்டபின் இச்சிக்கல் வீடு முழுவதையும் சூழ்கிறது. காய்ச்சலும் பசியின்மையும் நோயாளரின் எடையைக் குறைக்கின்றன. நாட்கூலிக்குச் செல்பவரானால் வருமானம் நின்றுபோகிறது. இருப்பதை நோயாளருக்கு ஊட்டிவிட்டு, மனைவியோ தாயோ எஞ்சியதை உண்டு காலம் தள்ளுகிறார். நோயாளருடன் ஒரே கூரையின்கீழ் ஒரே காற்றை மூச்சிழுத்தவர்களே இப்போது குறைவாக உண்கிறார்கள். கிருமி விழித்துக்கொள்வதற்கு இதைவிட ஏற்ற சூழல் இல்லை.

சென்னை தந்த பழைய பாடம்

காசநோயும் உணவும் பற்றிய வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. ஒரு காலத்தில் காசநோயாளரைப் பல மாதங்கள் சானடோரியத்தில் தங்கவைத்து, ஓய்வும் நல்ல உணவும் தூய காற்றும் அளிப்பதே சிகிச்சையாகக் கருதப்பட்டது. ஆனால் அத்தனை நோயாளருக்கும் படுக்கை அளிக்க நம் நாட்டால் இயலவில்லை. இந்நிலையில், 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையத்தை நிறுவின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே.

அம்மையம் நோயாளரை இரு பிரிவுகளாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கி நல்ல உணவுடன் மருந்து பெற்றனர். மற்றொரு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே, எளிய உணவுடன், அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. சானடோரியத்தில் இருந்தவர்களின் எடை கூடுதலாக ஏறியது உண்மை. எனினும் நோய் குணமானதில் இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்பதை அந்த ஆய்வு நிறுவியது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தம் குடும்பத்தைப் பிரியாமல் சிகிச்சை பெற அதுவே வழிவகுத்தது. அதன் ஒரு விளைவாக, காசநோய்ச் சிகிச்சையில் உணவு பற்றிய பேச்சு நெடுங்காலம் பின்னுக்குச் சென்றது. கடும் ஊட்டக்குறைவு உள்ளவர் மருந்து தொடங்கியபின் பிழைப்பாரா, அவருடைய வீட்டாரை நோயிலிருந்து காக்க உணவு உதவுமா என்பன அந்த ஆய்வு எழுப்பாத வினாக்கள்.

ஜார்கண்டில் ஓர் உணவுக் கூடை

அவ்வினாக்களுக்கு விடை தேடியது, ஜார்கண்ட் மாநிலத்தின் 4 மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடைபெற்ற ‘ரேஷன்ஸ்’ என்னும் ஆய்வு. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையில், சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்டு நடத்திய இவ்வாய்வின் முடிவுகள் 2023-இல் லான்செட் மருத்துவ இதழ்களில் வெளியாயின.

நுரையீரல் காசநோய் உறுதிசெய்யப்பட்ட 2,800 பேரும், அவர்தம் வீடுகளில் உடன் வாழ்ந்த 10,345 பேரும் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். நோயாளர் அனைவருக்கும் மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பொருள்கள் அடங்கிய கூடையும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் 6 மாதங்கள் வழங்கப்பட்டன. மருந்துக்கு வசப்படாத காசநோய் உள்ளவர்களுக்கு இவை 12 மாதங்கள் கிடைத்தன.

வீட்டாரைப் பொறுத்தவரையில்தான் வேறுபாடு. ஒரு பகுதியினரின் வீடுகளில், நோயாளருக்கு உரிய கூடைக்கு மேலாக, குடும்பத்தின் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ துவரம் பருப்பும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. சிறு குழந்தைகளுக்கு இதில் பாதியளவு. மற்றப் பகுதியினரின் வீட்டார் தம் வழக்கமான உணவையே உண்டனர். நாள் கணக்கில் பார்த்தால் அந்தக் கூடுதல் உணவு ஏறத்தாழ 165 கிராம் அரிசியும் 50 கிராம் பருப்பும் ஆகும். நம் வீடுகளில் ஒரு வேளைச் சோற்றுக்கும் சாம்பாருக்கும் ஆகும் அளவே அது.

எடை ஏறியதும் உயிர் காத்ததும்

ஆய்வில் சேர்ந்த நோயாளரின் நிலை கவலைக்குரியதாக இருந்தது. நூற்றுக்கு 82 பேர் எடை குறைந்தவர்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் மிகக் கடுமையாக மெலிந்தவர்கள். இதை அளக்கப் பயன்படுவது உடல் நிறை குறியீட்டெண். கிலோவில் எடுத்த எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுத்தால் இது கிடைக்கும். 18.5-க்குக் குறைந்தால் எடைக்குறைவு. 16-க்குக் குறைந்தால் கடும் மெலிவு. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு முதலாவது எல்லை ஏறத்தாழ 47 கிலோ. இரண்டாவது 41 கிலோ.

சிகிச்சையின் முதல் 2 மாதங்களில் எடை ஏறியவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. தொடக்க எடையில் 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்திருந்தது. 40 கிலோ எடையுள்ளவருக்கு 5 விழுக்காடு என்பது வெறும் 2 கிலோ.

வீட்டாரிடம் கண்ட பலனும் குறிப்பிடத்தக்கது. கூடுதல் உணவு பெறாத 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு பெற்ற 5,621 பேரில் 96 பேருக்கே வந்தது. பிற வேறுபாடுகளையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, காசநோய் வரும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைந்திருந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் குறைவு 48 விழுக்காடு. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பு மருந்தைப் போலவே பணியாற்றின. நோயாளருக்காகத் தம் உணவைக் குறைத்துக்கொள்ளும் தாயும் மனைவியும் நிறைவாக உண்பது அவசியம் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

இன்று கிடைக்கும் உதவிகள்

இந்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில் தொடங்கியது. சிகிச்சைக் காலம் முழுவதும் நோயாளரின் உணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் இத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடின்றி, பதிவுசெய்யப்பட்ட காசநோயாளர் அனைவரும் இதற்கு உரியவர். வங்கிக் கணக்கு விவரம் சரியாக இல்லாததால் பணம் தடைப்படுவது உண்டு; ஆகையால் சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே அதனைச் சரிபார்த்துக்கொள்வது நன்று.

கொடையாக வரும் உணவைச் சேமித்து இல்லாதோருக்குப் பகிரும் உணவு வங்கிகள் மேலைநாடுகளில் பல உள்ளன. காசநோயாளரைப் பொறுத்தவரை, அதற்கு நிகரான பணியை நம் நாட்டில் நிக்ஷய் மித்ரா திட்டம் செய்துவருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், தனிநபரோ நிறுவனமோ அமைப்போ நோயாளரைத் தத்தெடுத்து, குறைந்தது 6 மாதங்கள் மாதந்தோறும் உணவுக் கூடை வழங்கலாம். நோயாளரின் இசைவு பெற்றே இது செய்யப்படும். நோயாளரின் வீட்டாருக்கும் கூடை வழங்கலாம் என 2024-இல் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 2022 முதல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நடைமுறையில் உள்ளது. நோய் கண்டறியப்பட்டவுடன் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிறர் துணையின்றி நிற்கும் திறன் ஆகியவை பார்க்கப்படுகின்றன. கடும் நிலையில் உள்ளவர்கள் உள்நோயாளராகச் சேர்க்கப்பட்டு, மருந்துடன் உணவுச் சிகிச்சையும் பெறுகின்றனர். மிகவும் மெலிந்த உடலுக்குத் திடீரெனப் பெருமளவு உணவு கொடுப்பதும் தீங்காகலாம். ஆகவே அத்தகையோருக்கு உணவைக் கூட்டுவது மருத்துவக் கண்காணிப்பிலேயே நடைபெற வேண்டும்.

வீட்டில் கருத்தில் கொள்ள வேண்டியவை

எடையைக் குறித்து வையுங்கள். சிகிச்சை தொடங்கும் நாளிலும் அதன்பின் ஒவ்வொரு மாதமும் எடையைப் பார்த்து, சிகிச்சை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். 2 மாதங்களாகியும் எடை ஏறவில்லையெனில் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

விலையுயர்ந்த சத்துமாவு கட்டாயமில்லை. துவரம் பருப்பு, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, முட்டை, பால், மீன், கேழ்வரகு, கீரை ஆகியவையே போதும். நியாய விலைக் கடையில் கிடைக்கும் அரிசியுடன் பருப்பையும் எண்ணெயையும் தவறாது பெற்றுக்கொள்ளுங்கள். சோற்றின் அளவை மட்டும் கூட்டாமல், ஒவ்வொரு வேளையிலும் பருப்போ முட்டையோ கடலையோ இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

பசி எடுக்காத நாட்களில் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணுங்கள். கஞ்சியில் பொட்டுக்கடலை மாவோ பாலோ சேர்த்துக்கொள்ளலாம். குமட்டல் தொடர்ந்தால் மாத்திரையை நிறுத்தாமல் உடனே மருத்துவரை அணுகுங்கள்.

நீரிழிவும் உள்ளவர்கள் உணவைத் தாமாகக் குறைத்துக்கொள்ள வேண்டா. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தபடி எடையைக் கூட்டும் வழியை உணவியல் வல்லுநரிடம் கேட்டறியுங்கள்.

நோயாளரைத் தனித் தட்டில் ஒதுக்கி உண்ணவைக்க வேண்டியதில்லை. காசநோய் பாத்திரத்தினாலோ உணவினாலோ பரவுவதன்று. சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருவதும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதுமே தேவையானவை.

வீட்டார் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இல்லையென உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை வழங்கப்படலாம். அதனை உட்கொள்பவர்களுக்கும் நிறைவான உணவு தேவை.

மேற்சொன்ன யாவும் மருந்துக்கு மாற்று ஆகமாட்டா. மாத்திரையை முழுக் காலமும் உட்கொண்டால்தான் கிருமி அழியும். உடல் தேறுவதற்கும் வீட்டார் நோயின்றி இருப்பதற்கும் உணவு துணைநிற்கும்.

மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்

இருமலையும் காய்ச்சலையும் மருத்துவரிடம் விரிவாகச் சொல்லும் பலர், வீட்டில் அரிசி தீர்ந்துபோனதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது தன்மானத்துக்கு இழுக்கு என எண்ணுகின்றனர். மருத்துவரோ செவிலியரோ கேட்காவிட்டாலும் தாமே முன்வந்து சொல்ல வேண்டிய செய்தி இது. சென்ற மாதத்தில் வீட்டில் எவரேனும் பணமின்மையால் ஒரு வேளை உணவைத் தவிர்த்தாரா என்பதை எண்ணிப் பாருங்கள். ஆம் எனில், அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது எடையுடன் சேர்த்து அதனையும் தெரிவியுங்கள். உதவித் தொகைக்கான பதிவும், உணவுக் கூடைக்கான இசைவுப் படிவமும் அங்கிருந்தே தொடங்கும்.