கை மாறினும் கதை மாறாது

கதையை எழுதுவார் ஒருவர். அதற்கு ஓவியம் வரைவார் மற்றொருவர். இவ்விருவரும் சேர்ந்து அளிக்கும் தொடர்கதையை வாரந்தோறும் படித்து வரும் நமக்குக் கதைமாந்தரின் முகமும் நடையும் உடையும், நம் உற்றார் உறவினருடையவை போலவே பழகிவிடுகின்றன. ஒருநாள் ஓவியர் மாறிவிடுகிறார். பெயர் அதே பெயர். கதை அதே கதை. முகம் மட்டும் வேறாகத் தோன்றுகின்றது. 'இவர் நாம் அறிந்தவர்தாமா?' என்னும் ஐயம் அப்போது எழுகின்றது. கை மாறும்போது எது மாறலாம், எது மாறலாகாது என்பதை ஆராய்ந்தால் அவ்வையம் தீரும்.

நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் வீடு திருவரங்கத்துச் சித்திரை வீதியில் இருந்தது. கல்கி இயற்றிய 'பொன்னியின் செல்வன்', 1950-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1954-ஆம் ஆண்டு மே வரையில், அவர் நடத்திய 'கல்கி' வார இதழில் வெளிவந்தது. அதற்கு ஓவியம் தீட்டியவர் மணியம். என் பாட்டனார் இதழ்களிலிருந்து அத்தாள்களைப் பிரித்தெடுத்து, ஐந்து பாகங்களாகத் தைத்து, அட்டை கட்டிப் பேணி வந்தார். என் தமக்கையார் அவற்றைப் பன்முறை படித்தவர். பிற்காலத்தில் அதே இதழில் அக்கதை மறுபடியும் தொடராக வந்தது. இம்முறை படம் வரைந்தவர் ஓவியர் வினு.

குந்தவையார் தோன்றும் பகுதி வந்த மாலைப்பொழுதில், பழைய பாகத்தையும் புதிய இதழையும் திண்ணையில் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு தமக்கையார் கண் கலங்கினார். "அப்பா, இவள் குந்தவை அல்லள், வேறு யாரோ ஒருத்தி!" என்றார். எந்தையார் நகைக்கவில்லை. பழைய பாகத்தை வாங்கி, நந்தினியையும் குந்தவையையும் ஆசிரியர் ஒப்பிட்டுக் காட்டும் இடத்தை எடுத்து உரக்கப் படித்தார். நந்தினியின் முகம் முழுமதிபோல் வட்டமானது; குந்தவையின் முகம் சற்றே நீண்டது. நந்தினியின் கூந்தல் ஆண்டாள் கொண்டையாக முடிக்கப்பெற்றது. குந்தவையின் கூந்தலோ மகுடம் சூட்டினாற்போல் அமைந்தது. திருவரங்கத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டாள் கொண்டை இன்னதென்று எவரும் விளக்க வேண்டுவதில்லை.

"அம்மா, இவையெல்லாம் ஆசிரியர் சொல்லிச் சென்றவை. தூரிகை எடுப்பவர் எவராயினும் இச்சொற்களுக்குக் கட்டுப்பட்டவர். முதலில் சொல்லைப் பார், பிறகு படத்தைப் பார்," என்றார் எந்தையார். தமக்கையார் நெடுநேரம் பார்த்தார். "அடையாளம் சரிதான், அப்பா. ஆயினும் அந்தக் கண் வேறு," என்றார். "கை வேறாயிற்றே, அம்மா, கண் வேறாகத்தானே இருக்கும்?" என்றார் எந்தையார். கல்கி 1954-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். 'இது சரி, இது பிழை' என்று ஓவியர்க்குச் சொல்ல அவர் இல்லை. அவர் எழுதிய சொற்களே இருந்தன.

ஓவியர் ஏன் மாறுகின்றனர்? காரணங்கள் பல. இதழ் வாரந்தோறும் குறித்த நாளில் வெளிவந்தாக வேண்டும். வரைபவர்க்கோ ஓய்வும் நோயும் முதுமையும் உண்டு. தொடர் நீளும், மனித வாழ்நாள் அவ்வாறு நீள்வதில்லை. புதிய தலைமுறைக்குப் புதிய தோற்றம் வேண்டும் என்று இதழாசிரியர் கருதுவதும் உண்டு. மேல்நாட்டு வீரர்களின் சித்திரக்கதைகளிலோ, கதை அமைப்பவர், பென்சிலால் வரைபவர், அதன்மேல் மையிடுபவர், வண்ணம் தீட்டுபவர், எழுத்துப் பொறிப்பவர் எனப் பலர் தொழிலைப் பகிர்ந்து செய்வர். ஆதலின், அங்கே கை மாறுதல் அடிக்கடி நிகழும். ஒரு கதையின் நடுவே ஓவியர் மாறினால் படிப்பவர் தடுமாறுவர். ஒரு கதை முற்றுப்பெற்று அடுத்த கதை தொடங்கும் இடமே அதற்கு ஏற்ற இடமாகும். தொலைதூரம் செல்லும் புகைவண்டிக்கு ஓட்டுநர் நடுவழியில் மாறுவதில்லை; திருச்சிராப்பள்ளி போன்ற சந்திப்பில் வண்டி நின்ற பின்னரே மாறுகிறார். வண்டியும் வழியும் முன்போலவே இருக்கின்றன.

இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களில் 'வேதாளர்' என்றும் 'மாயாவி' என்றும் வழங்கிய முகமூடி வீரர் கதை. அமெரிக்க நாட்டு லீ பாக் என்பவர் இதனை 1936-ஆம் ஆண்டில் தொடங்கினார். முதலில் படம் வரைந்தவர் ரே மூர்; அவருக்குப் பின் வில்சன் மெக்காய்; மெக்காய் 1961-ஆம் ஆண்டில் மறைந்தபின், சை பேரி என்பவர் அப்பணியை ஏற்று 1994-ஆம் ஆண்டுவரை வரைந்தார். மூரின் படங்களில் இருளும் நிழலும் மிகுதி. மெக்காயின் கோடுகள் எளியவை. பேரியின் வீரரோ உரம் பெற்ற உடலினர். எனினும் முகமூடியும், மண்டையோட்டு மோதிரமும், தீயோரை ஒறுப்பேன் என்னும் சூளுரையும் மூவர் கையிலும் மாறவில்லை.

இக்கதையின் உட்பொருளே இதற்கு விளக்கமாக அமைந்திருப்பது வியப்பிற்குரியது. வேதாளர் சாவே இல்லாதவர் என்று காட்டு மக்கள் நம்புவர். உண்மையில், தந்தை இறந்ததும் மகன் அதே முகமூடியை அணிந்து அதே சூளுரையை ஏற்கிறான். நாம் படிக்கும் வேதாளர் அம்மரபில் 21-ஆம் தலைமுறையினர். கதைக்குள் வீரர் மாறியும் வேதாளர் வாழ்கிறார். கதைக்கு வெளியே ஓவியர் மாறியும் வேதாளர் வாழ்கிறார்.

தமிழ் இலக்கணத்திற்கு இக்கருத்துப் புதியதன்று. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்த நன்னூலார், வழிநூலுக்கு மூன்று இயல்புகளைக் கூறுகிறார். முன்னோர் கண்ட முடிபோடு அது ஒத்திருத்தல் வேண்டும். பின்வந்தவன் விரும்பும் வேறுபாட்டையும் அது கூறலாம். ஆயினும் மரபு அழிதல் கூடாது. நூலாசிரியர்க்கு உரிய இவ்விதி ஓவியர்க்கும் பொருந்துமன்றோ? முன்னவர் படத்தை அப்படியே பார்த்து எழுதினால் அது வெறும் படி, உயிர் இராது. முன்னவரை அறவே மறந்து வரைந்தால் அது வேறு கதை, தொடர்ச்சி இராது. இவ்விரண்டிற்கும் நடுவே செல்வதே பின்வந்தவனின் கடமை.

படிப்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. 'பொன்னியின் செல்வன்' பின்னும் அவ்விதழில் தொடராக வந்து, பத்மவாசன் ஓவியங்களோடும் வெளியாயிற்று. அப்படங்களோடு அக்கதையை முதன்முதலாகப் படித்தவள் என் தமக்கையாரின் மகள். ஒருநாள் அவளிடம் பாட்டனாரின் பழைய பாகத்தைத் தமக்கையார் ஆர்வத்தோடு காட்டினார். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "அழகாகத்தான் இருக்கிறது, அம்மா, ஆனால் இவள் குந்தவை அல்லளே!" என்றாள். தமக்கையார் ஒருகணம் திகைத்துப் பின் வாய்விட்டு நகைத்தார். முதலிற் கண்ட முகமே உண்மையான முகம் என்று நம் உள்ளம் கொள்கின்றது. அது அன்பின் இயல்பு, குற்றமன்று. ஆனால், அவ்வன்பு பின்வந்தவரை இகழ்வதற்குக் காரணமாதல் கூடாது.

திருவரங்கத்துத் தெற்கு வாயிலில் நிற்கும் இராசகோபுரத்தைப் பாருங்கள். விசயநகர வேந்தர் அச்சுதராயர் காலத்தில் தொடங்கப்பெற்றதாகக் கூறப்படும் அது, கல்லாலாகிய அடிப்பகுதியோடு ஏறத்தாழ 400 ஆண்டுகள் நின்றுவிட்டது. என் இளமையில் அதனை 'மொட்டைக் கோபுரம்' என்றே அழைப்போம். அகோபில மடத்தின் 44-ஆம் பட்டத்து அழகியசிங்கர் முயற்சியால் அது 13 நிலைகளோடு 236 அடி உயரத்திற்கு எழுந்து, 1987-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அடியை அமைத்த சிற்பியர் பெயரை நாம் அறியோம். அவர்களும் முடியைக் கண்டாரல்லர். ஆயினும் அவர்கள் இட்ட அடியின் அளவே முடியின் அளவை வரையறுத்தது. கீழே நின்று காண்பார்க்குத் தோன்றுவது ஒரே கோபுரம்.

மாணவர்களே! நாளை நீங்கள் ஏற்கும் பணிகளுள் பல, வேறொருவர் தொடங்கி வைத்தவையாகவே இருக்கும். அவர் விட்டுச்சென்ற அடியாளத்தைக் கூர்ந்து நோக்குங்கள். மாற்றலாகாதன எவை என்று தெளியுங்கள். பின்னர் உங்கள் கையின் அழகையும் அதில் காட்டுங்கள். உங்களுக்குப் பின்வருவார்க்கும் அவ்வாறே இடம் விட்டுச் செல்லுங்கள்.