கொள்ளிடத்து மணலும் புதுச்சேரிக் கரையும்

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, கொளக்காநத்தம் பக்கம் மழை அரித்துப் போட்ட மேடுபள்ளங்களில் நடந்தால் காலடியில் கடல் உயிர்கள் தட்டுப்படும். சுருண்ட ஓட்டுடன் அம்மோனைட்டுகள், கூர்முனை கொண்ட பெலெம்னைட்டுகள், சிப்பிகள். எல்லாம் கல்லாகிவிட்டவை. இன்றைய கடற்கரை இங்கிருந்து கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே புகுந்த கடல், பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் கிடந்து, டைனோசர்களின் காலம் முடிந்த பிறகுதான் முழுதாக விலகியது. துருவங்களில் பெரும் பனிப்பாளங்கள் இல்லாத வெப்பக் காலம் அது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது என்று கணிக்கிறார்கள்.

அந்தக் கடலின் சிப்பிகளும் ஓடுகளும் படிந்து இறுகியதே அரியலூரின் சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் கல்லில் சிப்பி ஓடுகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மாவட்டத்தைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் நிற்பதற்கு இந்தப் படிவுதான் காரணம். கடலரிப்பு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவதும் சிமெண்டும் கல்லும்தான்: கருங்கல் சுவர், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு, டெட்ராபாட் என்னும் நான்கு கால் கான்கிரீட் கட்டை. 1950இல் பிரான்சில் உருவான இந்த டெட்ராபாட், இன்று மும்பை மரைன் டிரைவிலும் கேரளத்தின் செல்லானத்திலும் அலையை வாங்கிக்கொண்டு நிற்கிறது.

இவை என்ன செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சரிவான மணற்கரையில் ஏறும் அலை, ஏற ஏற வேகம் இழந்து மணலுக்குள் வடிகிறது. செங்குத்தான சுவரில் மோதும் அலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. திரும்பி அடித்து, சுவரின் அடியில் கிடக்கும் மணலைக் கிளறிக் கொண்டுபோகிறது. சுவருக்குப் பின்னால் வீடும் சாலையும் தப்பும். முன்னால் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த மணல் போய்விடும். சுவர் முடியும் இடத்தில் அரிப்பு இன்னும் கடுமையாகும். கல் கொட்டிய ஊருக்கு அடுத்த ஊரும் கல் கேட்டு மனு எழுதுவது இதனால்தான்.

நம் கிழக்குக் கரையில் மணல் நிலையாக நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று கொஞ்சத்தைத் தெற்கே திருப்புகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே பயணப்படுகிறது. குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கில் மணல் சேரும், வடக்கில் குறையும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையை இழந்தது. நூறாண்டு கழித்தும் நாம் இதிலிருந்து பாடம் படிக்கவில்லை. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. நகரின் மணற்கரை சில ஆண்டுகளிலேயே கரைந்து, கருங்கல் குவியல்தான் கடற்கரை என்றாகிவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை மணலில் கால் வைக்காமலே பெரியதானது.

பிறகு வந்த மாற்றுவழி எனக்கு நம்பிக்கை தருகிறது. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அலை கரைக்கு வருமுன்பே அதில் உடைந்து வலுவிழக்கிறது. அதன் மறைவில் மணல் தங்குகிறது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். நகரவாசிகள் மறுபடி மணலில் நடக்கிறார்கள்.

ஆனால் எந்தத் திட்டும் மணலைப் பிடித்து வைக்குமே தவிர, உண்டாக்காது. புதுச்சேரிக் கரைக்கு மணல் தெற்கிலிருந்து வர வேண்டும். தெற்கே கெடிலம், பெண்ணையாறு; அதற்கும் தெற்கே, பழையாறு அருகே கடலில் கலக்கும் கொள்ளிடம். அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாக, திருமழபாடி, திருமானூர், தா.பழூர் பக்கமாக ஓடும் அதே கொள்ளிடம்தான். காவிரியின் பெருவெள்ளத்தைச் சுமக்கும் ஆறு இது. வெள்ளம் வந்தால் கரையோர ஊர்களுக்குத் தூக்கம் போய்விடும். ஆற்றுப்படுகையின் மணலைக் கடல்வரை உருட்டிச் செல்வதும் அந்த வெள்ளம்தான்.

அந்த வழியில் ஒவ்வொன்றாகத் தடைகள் வந்தன. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. மேலிருந்து வரும் வண்டல் அங்கேயே தங்கத் தொடங்கியது. இவற்றால் நஞ்சை விளைந்தது, வீராணம் ஏரிக்கும் தண்ணீர் போகிறது. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மணல் குவாரிகளின் கதை வேறு. படுகையில் லாரி லாரியாக அள்ளிய மணலுக்கு ஈடாக மேலிருந்து எதுவும் வருவதில்லை. திருமானூர் மக்கள் குவாரி வேண்டாமென்று போராடியது குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும். அவர்கள் காக்க நினைத்த மணலில் ஒரு பங்கு கடலூர், புதுச்சேரிக் கரைகளுக்கும் உரியது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தியக் கடற்கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு ஆளாகியிருந்தது. தமிழ்நாட்டில் ஆற்றுமணல் குவாரிகளை நடத்துவது நீர்வளத்துறை. கரையோரக் கிராமங்களில் தூண்டில் வளைவும் கருங்கல் சுவரும் கட்டும் பணிகள் பலவற்றைச் செய்வதும் அதே துறைதான். ஒரு மீனவ ஊருக்குத் தூண்டில் வளைவு போட மதிப்பீடு தயாரிக்கும்போது, வடக்கே அடுத்த ஊரின் கரை எவ்வளவு உள்வாங்கும், தெற்கே அந்தக் கரைக்கு மணல் தரும் ஆற்றில் எத்தனை லாரிக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற இரண்டு கணக்கையும் அதே கோப்பில் சேர்க்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.